புத்தகத்தை மூடிய பிறகு

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்ததும், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டின் நடைமுறையே மாறிவிடும். டிவி சத்தம் குறையும். கல்யாணம், காதுகுத்துக்குப் பெற்றோர் மட்டும் போய்வருவார்கள். பள்ளியில் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று தேர்வுகள் அடுத்தடுத்து வரும். மார்ச்சில் பொதுத்தேர்வு. இந்த இரண்டு மாதத்தில் உயிரியல் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டியிருக்கிறார்கள் என்பதைப் பக்கங்களே காட்டிக்கொடுக்கும். முதல் சுற்றில் மஞ்சள் ஹைலைட்டர், அடுத்த சுற்றில் பச்சை, அதற்கடுத்து நீலப் பேனாவால் அடிக்கோடு. கடைசியில் கோடு படாத வரியைத் தேட வேண்டியிருக்கும்.

அவ்வளவும் உண்மையான உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஞாபகத்தைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மாணவர்கள் அதிக நேரம் செலவிடும் முறைதான் குறைந்த பலன் தருகிறது. 2013-ல் ஜான் டன்லாஸ்கி தலைமையில் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டார்கள். கோடு போடுவதும் மறுவாசிப்பும் கடைசி வரிசைக்குப் போயின. முதல் வரிசைக்கு வந்தவை இரண்டுதான்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

இதில் முதலாவதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் நடத்தி 2006-ல் வெளியிட்ட சோதனை அது. மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழுவினர் ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை உட்கார்ந்து பத்தியை வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் ஐந்து நிமிடம் மட்டும் வாசித்தார்கள். மீதி மூன்று முறையும் அவர்களிடம் பத்தி இல்லை. வெள்ளைத்தாளில், நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். விடை சரியா தவறா என்றுகூடச் சொல்லவில்லை. முதல் குழு பத்தியைச் சராசரியாக 14 முறை வாசித்திருந்தது. இரண்டாவது குழு மூன்றரை முறைகூட வாசிக்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, வாசித்தவர்கள் 83 விழுக்காடு எழுதினார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. வாசிப்பே வென்றது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள். பதினான்கு முறை படித்தவர் படித்ததில் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் போய்விட்டது.

எனக்கு அந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது வேறொரு தகவல். ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று இவர்களை முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான்.

ஏன் அப்படி? நான்காம் முறை ஒரு பக்கத்தை வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்த வரி என்ன என்று வருவதற்கு முன்பே தெரிகிறது. அந்தச் சுலபத்தை மனம் ‘எனக்குத் தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. ரேடியோவில் பழைய பாட்டு ஓடும்போது கூடவே நாமும் தடையில்லாமல் பாடுகிறோம், பாட்டை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாம் சரணத்தில் நின்றுவிடுகிறோம். பார்த்ததை அடையாளம் காண்பது ஒரு திறன், கண்முன் இல்லாததை நினைவிலிருந்து எடுத்து வருவது வேறு திறன். பொதுத்தேர்வு கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். தமிழ்நாட்டின் பிளஸ் டூ உயிரியல் தாளில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: உயிரி-தாவரவியலுக்கு 35, உயிரி-விலங்கியலுக்கு 35. ஒவ்வொன்றிலும் எட்டு மதிப்பெண்தான் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு. மீதி 27-க்கும் வெறும் தாளில், புத்தகமில்லாமல், மாணவரே எழுத வேண்டும். ஆனால் அந்த வேலையை வீட்டில் பழகிப் பார்த்தவர்கள் குறைவு. அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 177 மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது, 84 விழுக்காட்டினர் திரும்ப வாசிப்பதாகச் சொன்னார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 விழுக்காடு. நம் ஊர்ப் பள்ளிகளில் கேட்டாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது என்பது என் எண்ணம்.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மூலக்கூறு மரபியலில் லாக் ஓபரான் வருகிறது: லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க உதவும் பாக்டீரியா ஜீன்களின் தொகுதி. ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரக்கூடியது என்பதால் எல்லோரும் படிக்கும் பகுதி. புத்தகத்தில் அழகான வண்ணப்படம் இருக்கிறது. ஒரு மாணவி அதை மூன்று முறை படித்துவிட்டாள், படமும் கண்ணில் நிற்கிறது. இப்போது புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத்தாளை எடுக்கிறாள்.

முதலில் ஒரு நீளக் கோடு, அதில் கட்டங்கள். ஐ, பி, ஓ, இசட், ஒய், ஏ. வரிசை வந்துவிட்டது. இசட் ஜீன் பீட்டா காலக்டோசிடேஸ், ஒய் ஜீன் பெர்மியேஸ், ஏ ஜீன் டிரான்ஸ்அசிட்டிலேஸ். இதுவும் வந்துவிட்டது, பல தடவை சொல்லிப் பார்த்தது. ஐ ஜீனிலிருந்து ரெப்ரஸர் புரதம் உருவாகிறது என்று அம்புக்குறி போடுகிறாள். அம்பு எங்கே போய் முடிய வேண்டும் என்ற இடத்தில் கை நிற்கிறது. புரமோட்டரிலா, ஆபரேட்டரிலா? இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். வாசிக்கும்போது இந்தக் கேள்வி ஒருமுறைகூட வந்ததில்லை, ஏனென்றால் படத்திலேயே பதில் இருந்தது.

யோசித்து ஆபரேட்டரில் ஒட்டுகிறாள். சரி. புரமோட்டரில் வந்து உட்கார்ந்த ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கு முன்னால் வழி அடைபட்டுவிட்டது, அதனால் மூன்று நொதிகளும் உருவாகவில்லை. அடுத்து லாக்டோஸைக் கொண்டுவர வேண்டும். அது எதோடு இணைகிறது? பலர் இங்கே லாக்டோஸை நேராக ஆபரேட்டரில் கொண்டுபோய் ஒட்டுவார்கள், ‘லாக்டோஸ் வந்ததும் ஜீன் இயங்கத் தொடங்குகிறது’ என்ற வாக்கியம் மட்டும் மனதில் பதிந்திருப்பதால். உண்மையில் அது இணைவது ரெப்ரஸரோடு. அதனால் ரெப்ரஸரின் வடிவம் மாறி ஆபரேட்டரை விட்டு விலகுகிறது. தடை போனதால் பாலிமரேஸ் முன்னேறுகிறது. நொதிகள் லாக்டோஸை உடைத்துத் தீர்த்துவிட்டால் என்ன ஆகும்? ரெப்ரஸரைப் பிடித்து வைத்திருக்க ஆள் இல்லை, அது மறுபடி ஆபரேட்டருக்குத் திரும்பும். தேவை இருக்கும் வரைதான் உற்பத்தி. பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் 1961-ல் பாரிஸிலிருந்து உலகுக்குச் சொன்ன கருத்தின் சாரம் அதுதான்.

இந்த நிலைக்கு வந்த மாணவிக்குத் தானாகவே இன்னொரு சந்தேகம் எழலாம். லாக்டோஸ் செல்லுக்குள் நுழையவே பெர்மியேஸ் வேண்டும். பெர்மியேஸ் உருவாக லாக்டோஸ் உள்ளே வந்திருக்க வேண்டும். அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே போனது? விடை: இந்த ஜீன்கள் முழுமையாக நின்றுபோவதில்லை, மிகக் குறைந்த அளவில் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. தேர்வில் இந்தக் கேள்வி வருமா என்பது இருக்கட்டும். பாக்டீரியாவின் வாழ்க்கையில் அது எதிர்கொள்ளும் சிக்கல் இந்த மாணவிக்குப் புரிந்துவிட்டது. அப்படிப் புரிந்த ஒன்றை மறப்பது கடினம்.

இனித்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். விட்டுப்போனதையும் தவறானதையும் அதே தாளில் சிவப்புப் பேனாவால் எழுத வேண்டும். நாளைக்குத் திரும்பப் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பைத்தான், முழுப் பாடத்தையும் அல்ல. தவறாக எழுதிவிட்டால் அந்தத் தவறே மனதில் பதிந்துவிடுமே என்று சில பெற்றோரும் ஆசிரியர்களும் அஞ்சுகிறார்கள். உடனே திருத்திக்கொண்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. சொல்லப்போனால், மிகுந்த நம்பிக்கையோடு செய்த தவறு திருத்தப்படும்போதுதான் திருத்தம் ஆழமாகப் பதிகிறது என்று 2001-ல் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘இது சரிதான்’ என்று உறுதியாக நினைத்தது தவறாகிப் போகும்போது மனம் நிமிர்ந்து கவனிக்கிறது.

வெறும் தாள் முறை மனப்பாடத்துக்குத்தான் உதவும், புரிதலுக்கு உதவாது என்று நினைப்பவர்களும் உண்டு. கார்ப்பிக்கியும் ஜானெல் பிளண்ட்டும் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். அறிவியல் பத்தியைப் படித்து, பத்தியைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் போட்டது ஒரு குழு. பத்தியை வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது இன்னொரு குழு. ஒரு வாரம் கழித்து, பத்தியில் நேரடியாகச் சொல்லாததை ஊகித்து எழுத வேண்டிய கேள்விகளிலும் நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள். அந்த ஆய்வு 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆகவே வண்ண வண்ணமாக வரைபடம் போடுவதை விட்டுவிட வேண்டாம், புத்தகத்தை மூடிவிட்டுப் போடுங்கள்.

படங்களுக்கும் இதே கதைதான். ஆஞ்சியோஸ்பெர்ம் தாவரத்தின் கருப்பையைப் பார்த்து வரைந்தால் ஒவ்வொரு பாகமும் சரியாக வரும். பார்க்காமல் வரையும்போதுதான், எட்டு உட்கருக்கள் இருந்தும் செல்கள் ஏழுதான் என்பது எப்படி என்று யோசிக்க நேரும். நடுச் செல்லில் இரண்டு உட்கருக்கள் இருப்பது அப்போதுதான் உறைக்கும், மூன்று மடங்கு குரோமோசோம் கொண்ட கருவூண் திசு எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே விளங்கும். ஒவ்வொரு பாகத்தையும் குறித்தபின், ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும்’ என்று கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. சினர்ஜிட் செல்கள் சும்மா முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்கள் என்றுதான் பலர் படிக்கிறார்கள். ஜப்பானில் டெட்சுயா ஹிகாஷியாமாவின் குழு டொரினியா என்ற செடியில் அந்தச் செல்களை லேசரால் அழித்துப் பார்த்தது. இரண்டையும் அழித்தபோது மகரந்தக் குழலை அந்தச் சூலால் ஈர்க்க முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சினர்ஜிட் என்ற பெயரை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை அநேகமாக இருக்காது.

நினைவிலிருந்து எடுப்பது ஏன் நினைவை வலுவாக்குகிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஆனால் நினைவு மூளையில் எங்கே, எப்படி அமர்கிறது என்பது பற்றி உயிரியல் நிறையவே சொல்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் வலிப்பு நோயைத் தணிக்க, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகளை நீக்கினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் வாழ்ந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் நடந்த எதையும் அவரால் புதிதாக நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பல ஆண்டுகள் அவரைப் பரிசோதித்த பிரெண்டா மில்னரை, ஒவ்வொரு முறையும் முதல்முறை பார்ப்பவராகவே அவர் வரவேற்றார். புதிய செய்தி நிலையான நினைவாவதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்பது அவர் மூலம்தான் தெளிவானது. 1973-ல் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் ஒரு நரம்புப் பாதையைச் சில விநாடிகள் வேகமாகத் தூண்டினார்கள். அந்தப் பாதையின் சினாப்ஸ்கள், அதாவது நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள், அதற்குப் பின் மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தன.

எரிக் கேண்டல் இன்னும் எளிய உயிரியிடம் போனார். அப்ளீசியா என்ற கடல் நத்தைக்கு ஏறக்குறைய 20,000 நியூரான்கள்தான். தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடங்களுக்கு மட்டும் அந்த எதிர்வினை கூர்மையாகும். அதற்குப் புதிய புரதம் எதுவும் தேவையில்லை, இருக்கிற சினாப்ஸிலேயே வேதிமாற்றம் நடந்தால் போதும். அதிர்ச்சிகளை இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நினைவு நாள்கணக்கில் நிற்கிறது. அப்போது நியூரானின் உட்கருவுக்குள் செய்தி போகிறது, ஜீன்கள் இயக்கப்படுகின்றன, எம்.ஆர்.என்.ஏ. உருவாகிறது, புதிய புரதங்கள் வருகின்றன, புதிய சினாப்ஸ்கள் முளைக்கின்றன. புரத உற்பத்தியை மருந்தால் தடுத்தால் நீண்டகால நினைவு உருவாவதில்லை. இந்த ஆய்வுகளுக்காகவே கேண்டலுக்கு 2000-ல் நோபல் பரிசு வந்தது.

ஜீன் எப்படி இயக்கப்படுகிறது, எப்படி நிறுத்தப்படுகிறது என்று லாக் ஓபரான் பாடத்தில் படிக்கும் மாணவியின் தலைக்குள்ளும், அந்தப் பாடம் நிலைக்க வேண்டுமானால், ஜீன்கள் இயங்கத்தான் வேண்டும். பொறிமுறை வேறு, அடிப்படை ஒன்று. உயிரியலைத் தவிர வேறெந்தப் பாடத்தையும் படிக்கும்போது, படிப்பு என்ற செயலே பாடத்தின் உள்ளடக்கமாக இருப்பதில்லை. இதை வகுப்பில் ஒருமுறையாவது மாணவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இடைவெளி என்ற சொல் மேலே வந்தது. நத்தையின் செவுளிலிருந்து பொதுத்தேர்வுக்கு நேராகத் தாவ முடியாது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் அதையே சொல்கின்றன. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே செங்குத்தாக விழுகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிடப் பல நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது மேல் என்பதையும் அவரே கண்டார். 2008-ல் நிக்கோலஸ் செபேடாவும் உடனிருந்தவர்களும் 1350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, எத்தனை நாள் இடைவெளி நல்லது என்று அளந்தார்கள். தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெரிய இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் கண்டது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் இடைவெளி அந்தக் காலத்தில் 20 முதல் 40 விழுக்காடு, ஒரு வருடம் கழித்து என்றால் 5 முதல் 10 விழுக்காடு; விகிதம் குறைந்தாலும் நாள்கணக்கில் இடைவெளி கூடுகிறது.

நம் காலண்டரில் இதைப் பொருத்திப் பார்த்தால், ஜனவரி முதல் வாரத்தில் எழுதிப் பார்த்த பாடத்தை மறுநாள் சிவப்புப் பகுதிக்காக மட்டும் பத்து நிமிடம் தொடுவது, ஒரு வாரம் கழித்து மறுபடி வெள்ளைத்தாள், பிறகு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இப்படிச் செய்தால் பிப்ரவரி நடுவிலேயே ஒவ்வொரு பாடமும் மூன்று நான்கு முறை நினைவிலிருந்து வெளியே வந்திருக்கும். ஒரு பழைய நோட்டில் பாடத்தின் பெயரும் தேதிகளும் எழுதி வைத்தால் போதும், செயலி எதுவும் வேண்டாம். வாரம் கழித்து உட்காரும்போது பாதி மறந்திருக்கும். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் சோர்ந்துபோய், ‘ஒன்றுமே ஏறவில்லை’ என்று முறையையே கைவிடுகிறார்கள். அந்தச் சிரமம் நல்லது. கொஞ்சம் மறந்ததை முயன்று மீட்டெடுக்கும்போது நினைவு கூடுதலாக வலுப்பெறுகிறது. ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் இத்தகைய சிரமங்களை விரும்பத்தக்கவை என்றே வகைப்படுத்தினார். பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருந்தால், பிள்ளை தடுமாறுகிற அந்த மாலையில் திட்டாமல் இருப்பார்கள்.

மரபியல் கணக்குகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கைடுகளில் ஒரு பண்புக் கலப்புக் கணக்குகள் வரிசையாக இருக்கும், அவை முடிந்ததும் இரு பண்புக் கலப்பு, அடுத்து முழுமையற்ற ஓங்குத் தன்மை, அடுத்து நிறக்குருடு. தலைப்பே வழியைச் சொல்லிவிடுவதால் கணக்கு சுலபமாகத் தெரிகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. சிவப்புப் பூ அந்தி மந்தாரையை வெள்ளைப் பூ செடியோடு கலந்தபோது இளஞ்சிவப்பு வந்தது என்று மட்டும் இருக்கும். இது 3:1 கணக்கா 1:2:1 கணக்கா என்று முடிவெடுப்பதே பாதி விடை. தந்தைக்கு நிறக்குருடு, மகனுக்கு வருமா என்று கேட்டால், எக்ஸ் குரோமோசோம் மகனுக்குத் தாயிடமிருந்துதான் வருகிறது என்று முதலில் தோன்ற வேண்டும்.

டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் வெளியிட்ட ஒரு கணித ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகப் போட்டது, மற்றது கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகை வகையாகப் போட்டவர்கள் 20 விழுக்காடு, கலந்து போட்டவர்கள் 63. எனவே எல்லா வகைக் கணக்குகளையும் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் குலுக்கிப்போட்டு, வந்ததை எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. மைட்டாசிஸையும் மியாசிஸையும் அடுத்தடுத்து வரைவதும், ஸ்பெர்மட்டோஜெனிசிஸையும் ஊஜெனிசிஸையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒன்றையொன்று போல இருப்பவற்றைப் பக்கத்தில் வைத்தால்தான் எங்கே பிரிகின்றன என்று தெரியும்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய்க்கிருமிகளின் அறிவியல் பெயர்கள், நொதிகளின் பெயர்கள், ஆண்டுகள் இவற்றுக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று எழுதி, விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்பிப் பார்ப்பது போதும். புக் பேக் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கும், நான்கு விடைகளையும் மறைத்துக்கொண்டு முதலில் விடை சொல்லிப் பார்க்கலாம். நீட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது பயன்படும்: விடை மனதில் முதலில் வந்துவிட்டால், ஒன்றுபோலத் தோன்றும் நான்கு விடைகளும் குழப்பாது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பிப்ரவரியில் முதலில் வெட்டப்படுவது அதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-லேயே இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபின் எஞ்சியிருந்தது, அதே அளவு நேரம் விழித்திருந்தபின் எஞ்சியிருந்ததைவிட நிறையவே அதிகம். 1994-ல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸைப் பதிவுசெய்தபோது, பகலில் ஓடிய இடங்களில் ஒன்றாக இயங்கிய நியூரான்கள் பிறகு தூங்கும்போதும் ஒன்றாக இயங்கின. பகலில் படித்ததை இரவு அடுக்கி வைக்கும் வேலை நடக்கிறது என்பதற்கு அதன்பின் சான்றுகள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கும் வீடுகள், அந்தப் பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுத்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீக்கிரம் படுத்து விடியற்காலை எழுவது ஒன்று, நள்ளிரவு வரை படித்துவிட்டு மூன்றுக்கு எழுவது வேறு. இரண்டாவது, முந்தைய நாள் உழைப்பையே அரித்துவிடும்.

இவையெல்லாம் ஒரு பிள்ளை தனியாக வீட்டில் செய்யக்கூடியவை. ஆனால் இதில் பெரும் பங்கு பள்ளியிடம் இருக்கிறது. திருப்புதல் தேர்வுகள் ஏற்கெனவே நடக்கின்றன. நினைவிலிருந்து எடுத்து எழுதுவது, பல பாடங்களைக் கலந்து எழுதுவது, நேரத்துக்குள் முடிப்பது என்று ஆய்வுகள் பரிந்துரைக்கும் பல அம்சங்கள் அவற்றில் ஒருசேர இருக்கின்றன. அந்த விடைத்தாள் இரண்டு வாரம் கழித்து, மொத்த மதிப்பெண்ணோடு மட்டும் கைக்கு வந்தால் பலன் பெரும்பகுதி வீணாகிறது. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுத்து, தவறிய ஐந்து மதிப்பெண் கேள்வியை வகுப்பிலேயே புத்தகம் பார்க்காமல் மறுபடி எழுத வைத்தால் அந்தத் தேர்வு அளவுகோலாக மட்டும் நிற்காமல் கற்பிக்கவும் செய்யும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மார்க் மெக்டேனியலும் பூஜா அகர்வாலும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2011-ல் வந்தது. பாடத்தின் சில பகுதிகளுக்கு மட்டும் அவ்வப்போது சிறிய வினாக்கள் கேட்டு, விடையையும் உடனே சொன்னார்கள். அந்தப் பகுதிகளில் மாணவர்கள் பிறகு வந்த தேர்வில் மற்ற பகுதிகளைவிட நன்றாக எழுதினார்கள்.  நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நம் வகுப்பிலும் இது முடியும். உயிரியல் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம், புத்தகம் பைக்குள் இருக்கட்டும். போன வாரம் நடந்த பாடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, ரஃப் நோட்டில் விடை எழுதச் சொல்லலாம். மதிப்பெண் போட வேண்டாம், யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம். விடையைச் சொல்லிவிட்டு, தவறியவர்கள் சிவப்பில் திருத்திக்கொண்டதும் அன்றைய பாடத்தைத் தொடங்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்தே இதைச் செய்தால், ஜனவரியில் மஞ்சள் ஹைலைட்டரைத் தேட வேண்டிய அவசரம் யாருக்கும் வராது.